நீங்கிய எண்ணும் நீங்காத தடையும்

ஆசிரியர் ஒருவரின் மேசைமீது இரண்டு விடைத்தாள்கள் கிடக்கின்றன. இரண்டும் ஒரே வினாவுக்கு எழுதப்பட்டவை. மாறியின் வர்க்கத்திலிருந்து நான்கைக் கழிப்பது ஒரு சார்பு. மாறியிலிருந்து இரண்டைக் கழிப்பது மற்றொரு சார்பு. முதற்சார்பை இரண்டாஞ்சார்பால் வகுத்து, கிடைக்கும் புதிய சார்பை எளிய வடிவில் எழுதுக என்பது வினா. மாறியை 'ம' என்னும் எழுத்தால் குறித்தால், (ம² − 4) ÷ (ம − 2) என்று அது நிற்கும். தொகுதியைக் காரணிப்படுத்தினால் (ம − 2)(ம + 2) ஆகும். மேலும் கீழும் நிற்கும் (ம − 2) அடிபட்டுப் போக, எஞ்சுவது ம + 2. மாணவன் இத்துடன் நிறுத்தி, விடையின்கீழ் இரட்டைக்கோடு இழுத்துவிட்டான். மாணவி அதே விடையை எழுதி, அதன் பக்கத்தில் 'ம என்பது 2 அன்று' என ஒரு சிறு தொடரைச் சேர்த்திருக்கிறாள். இருவருக்கும் ஒரே மதிப்பெண் அளிப்பதா?

கேட்பதற்கு இது ஆசிரியர் அறையில் தேநீர் ஆறுவதற்குள் தீர்ந்துபோகும் சிக்கலாகவே தோன்றும். அரை மதிப்பெண்ணைக் குறைக்கலாம். அல்லது பெருந்தன்மையோடு விட்டுவிடலாம். ஆயினும் இந்த அரை மதிப்பெண்ணுக்குள் கணிதத்திற்கு அப்பாற்பட்ட ஒரு வினா அடங்கியிருக்கிறது. சென்று சேர்ந்த இடம் ஒன்றேயாயின், நடந்துவந்த வழியைச் சொல்லாமல் விடுவது குற்றமாகுமா? ஏறத்தாழ எல்லா இடங்களிலும் மெய்யாக இருக்கும் ஒரு கூற்றை, 'எல்லா இடங்களிலும் மெய்' என்று சொல்வது மெய்யா, பொய்யா?

முதலில் கணக்கைப் பார்ப்போர் பார்க்கட்டும். மாறிக்கு 5 என்னும் மதிப்பைத் தந்தால், மூலவடிவில் 21ஐ 3 வகுக்க 7 வரும்; சுருங்கிய வடிவிலும் 5 + 2 = 7. மாறிக்கு 100 தந்தாலும், குறை எண்களைத் தந்தாலும், பின்னங்களைத் தந்தாலும் இரு வடிவங்களும் கைகோத்தே நடக்கும். மாறிக்கு 2 தரும்போதுதான் உறவு முறிகிறது. சுருங்கிய வடிவம் சற்றும் தயங்காமல் 4 என்கிறது. மூலவடிவமோ பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்கச் சொல்லிவிட்டு ஊமையாய் நிற்கிறது. ஆகவே, மாணவன் இழுத்த இரட்டைக்கோட்டின்மேல் இருப்பது, மதிப்பே இல்லாத ஓரிடத்திற்கு 4 என்று மதிப்பு வழங்கிவிட்ட கூற்றாகும். ஊமையின் பெயரால் வேறொருவன் சாட்சி சொல்லியதற்கு இது ஒப்பு.

தமிழ்ப்பள்ளியின் தொடக்க வகுப்புகளிலேயே, 'பூச்சியத்தால் வகுக்கக் கூடாது' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கிறோம் என்று ஆசிரியர்கள் மனநிறைவு கொள்வதுண்டு. சொல்லிவைப்பது உண்மைதான். ஆனால் அந்தக் 'கூடாது' என்ற சொல் எத்தகையது? பொய் சொல்லக் கூடாது, மழையில் நனையக் கூடாது என்பவற்றின் வரிசையில் அதுவும் ஒரு தடையுத்தரவாகவே பிள்ளையின் செவியில் விழுகிறது. தடையுத்தரவு என்றால், மீறலாம் என்ற எண்ணமும் உடன் பிறக்கும். உண்மையில் அங்கே இருப்பது தடையன்று, இயலாமை. 6ஐப் பூச்சியத்தால் வகுப்பது என்றால், பூச்சியத்தோடு பெருக்கினால் 6 வரக்கூடிய எண்ணைத் தேடுவது. அப்படி ஓர் எண் இல்லை. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுப்பது என்றாலோ நிலைமை தலைகீழ். பூச்சியத்தோடு பெருக்கினால் பூச்சியம் தராத எண்ணே இல்லையாதலால், எல்லா எண்களும் 'யானே விடை' என்று முன்வந்து நிற்கும். ஓரிடத்தில் விடையில்லை, மற்றோரிடத்தில் விடைகளுக்குக் கணக்கில்லை. இவ்விரண்டு காரணங்களையும் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு விளக்க அரைமணி நேரம் போதும். விளக்கிவிட்டால், 'கூடாது' என்ற சொல்லுக்கே தேவை இராது.

பெரிய அறிஞர்களும் இவ்விடத்தில் தடுமாறியிருக்கிறார்கள் என்பது மாணவர்க்கு ஆறுதலாகலாம். பூச்சியத்தை ஓர் எண்ணாகவே கொண்டு அதற்குக் கணக்குவிதிகளை வகுத்த பிரம்மகுப்தர், கி.பி. 628இல் இயற்றிய நூலில், பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்றே விதித்தார். அவருக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த பாஸ்கராச்சாரியர், 1150இல் தம் முப்பத்தாறாம் வயதில் முடித்த நூலில், ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் கிடைப்பது முடிவற்றது என்றார். இன்றைய கணிதம் இவ்விரண்டையும் ஏற்பதில்லை. எனினும், லீலாவதியில் அவர் அமைத்த கணக்கு ஒன்று உன்னிப்பாய் நோக்கத்தக்கது. ஓர் எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கி, அதனோடு அதன் பாதியைக் கூட்டி, மூன்றால் பெருக்கி, பூச்சியத்தால் வகுத்தால் 63 வருகிறது, அவ்வெண் யாது? அவர் கண்ட விடை 14. பதினான்கும் அதன் பாதியும் சேர்ந்தால் 21, மும்மடங்கு 63. பெருக்கிய பூச்சியமும் வகுத்த பூச்சியமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டன!

இதை எளிதில் நகைத்துவிடலாம். ஆனால் அவர் வகுத்துவைத்த விதியையும் சேர்த்துப் படித்தால் நகைப்பு அடங்கும். பூச்சியத்தால் பெருக்கிய பின்னரும் செய்ய வேண்டிய செயல் மீதமிருக்குமாயின், அவ்வெண்ணை உடனே பூச்சியமாக்கிவிடாமல், பூச்சியம் அதன் பெருக்கியாக நிற்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார் அவர். வந்த வழியை அழித்துவிட்டால் திரும்பும் வழி இராது என்ற கவலை அந்த விதிக்குள் இருக்கிறது. விடையில் அவர் வழுவினார் எனினும், கவலை சரியான கவலையே.

ஐரோப்பாவில் இதே கவலை ஒரு பெரும் பூசலாகவே வெடித்தது. நியூட்டனின் நுண்கணித முறையில், மாறியின் மிகச் சிறு வளர்ச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனால் வகுத்து, வகுத்து முடிந்தபின் அவ்வளர்ச்சியைப் பூச்சியமாகக் கருதி விலக்கிவிடுவது வழக்கமாயிருந்தது. அயர்லாந்தின் ஆயரும் மெய்யியலாருமான பார்க்லி, 1734இல் 'அனலிஸ்ட்' என்னும் நூலை வெளியிட்டு இதனைக் கடிந்தார். வகுக்கும்போது அஃது ஏதோ ஒன்றாக இருந்தது; வகுத்து முடிந்ததும் ஒன்றுமில்லாததாகிவிட்டது. முன்னதை வைத்துப் பெற்ற முடிவை, முன்னதை மறுத்த பின்னும் வைத்துக்கொள்வது எவ்வாறு தகும் என்பதே அவர் எழுப்பிய வினா. நியூட்டன் அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார். பிரெஞ்சுக் கணித மேதை கோஷி 1821இல் வெளியிட்ட பாடநூலில் எல்லை என்னும் கருத்தைச் செம்மைப்படுத்தியபோதுதான் அவ்வினாவுக்குத் தக்க விடை உருவாகத் தொடங்கியது. விடைகள் யாவும் சரியாக வந்துகொண்டிருந்த காலத்திலேயே, வழி சரியில்லை என்று ஒருவர் எழுந்து நின்று சொன்னார்; அதன் பயனாக ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு உழைத்து வழியைச் செப்பனிட்டார்கள். விளைவு நன்றாயிருக்கையில் வழியைக் கேள்வி கேட்பவர் எந்த ஊரிலும் வரவேற்கப்படுவதில்லை.

'ஒரே ஓர் எண்தானே விடுபட்டது? எண்ணற்ற எண்களில் ஒன்று தவறினால் என்ன குடிமுழுகிவிடும்?' என்று கேட்பார் உண்டு. குடிமுழுகுவதை நான்கு வரிகளில் காட்டலாம். அ என்பதும் ஆ என்பதும் சமம் என்க. இரு பக்கங்களையும் அ ஆல் பெருக்கினால், அ² = அஆ. இரு பக்கங்களிலிருந்தும் ஆ² ஐக் கழித்துக் காரணிப்படுத்தினால், (அ + ஆ)(அ − ஆ) = ஆ(அ − ஆ). இரு பக்கமும் உள்ள (அ − ஆ) வை அடித்துவிட்டால், அ + ஆ = ஆ. இரண்டும் சமமாதலால், ஈரா = ஆ; அதாவது 2 = 1. ஒவ்வொரு வரியும் ஒழுங்காகவே நடந்துவந்தது. அடித்துத் தள்ளிய (அ − ஆ) பூச்சியம் என்பதை மறந்த ஒரே இடத்தில் எண்கணிதம் முழுவதும் இடிந்து விழுந்தது. இரண்டும் ஒன்றும் சமமானால், எந்த எண்ணும் எந்த எண்ணுக்கும் சமமாகிவிடும். ஓட்டை ஒன்றுதான், தண்ணீர் முழுவதும் அவ்வழியேதான் போகிறது.

மேலும், விடுபடுவது எப்போதும் ஓர் எண்ணோடு நின்றுவிடுவதில்லை. சார்புகளைக் கூட்டும்போதும் வகுக்கும்போதும் தோன்றும் தடைகளைக் காட்டிலும், ஒரு சார்புக்குள் மற்றொரு சார்பைப் புகுத்திச் சேர்க்கும்போது தோன்றும் தடைகள் நுட்பமானவை. எண்ணைத் தலைகீழாக்குவது ஒரு சார்பு என்க: ம கொடுத்தால் 1/ம தரும். பெற்றதிலிருந்து ஒன்றைக் கழித்துப் பின் தலைகீழாக்குவது மற்றொன்று. முதலாவது தந்ததை இரண்டாவதனிடம் ஒப்படைத்துச் சுருக்கினால், ம/(1 − ம) என்ற அழகிய வடிவம் கிடைக்கும். இவ்வடிவத்தைப் பார்ப்பவர், 'ம என்பது 1 ஆகலாகாது. பிற யாவும் ஆகலாம்' என்று கூறிவிடுவர். பூச்சியத்தை இட்டால் விடை பூச்சியம் என்று இவ்வடிவம் இனிதே சொல்லும். ஆனால் பூச்சியம் முதற்சார்பின் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்க வேண்டியது. இரண்டாம் சார்பை அஃது எட்டியதே இல்லை. இரண்டு தடைகளில் ஒன்று விடையின் முகத்தில் தெரிகிறது. மற்றொன்று சுவடின்றி மறைந்துவிட்டது. இதனால்தான், சேர்ப்புச் சார்பின் சார்பகத்தைக் காண முற்படுவோர், முதலில் உள்ளே இருக்கும் சார்பின் சார்பகத்தைக் கண்டு, அதன் விடைகளுள் வெளிச்சார்பு ஏற்பவை எவை என்று அடுத்துக் கண்டு, அதன்பின்னரே சுருக்க வேண்டும். சுருக்கிவிட்டுத் தேடுவது, பெட்டியைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு அதனுள் என்ன இருந்தது என்று கணக்கெடுப்பது போன்றது.

வர்க்கமூலம் புகுந்தால் இழப்பு இன்னும் பெரிது. ஓர் எண்ணின் வர்க்கமூலத்தைக் கண்டு அதனை வர்க்கித்தால், அவ்வெண்ணே திரும்ப வரும். விடை வெறும் 'ம'. இதைவிட மாசற்ற விடை உண்டோ என்று தோன்றும். ஆனால் மெய்யெண்களின் உலகில் குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை. எனவே எண்கோட்டின் இடப்பாதி முழுவதும் இச்சார்புக்கு விலக்கப்பட்ட நிலம். ஓர் எண் அன்று, உலகில் பாதி! இன்னும் ஒரு படி சென்று, ம இன் வர்க்கமூலத்தையும், ம இன் குறி மாற்றிய எண்ணின் வர்க்கமூலத்தையும் கூட்டினால், அக்கூட்டுச் சார்பு பூச்சியம் என்னும் ஒரே இடத்தில் மட்டும் உயிர்வாழும். தனித்தனியே பாதியுலகை ஆண்ட இருவர், கூடியபின் காலூன்ற ஒரு புள்ளியே எஞ்சியது. இவ்வுவமையை நம் ஊர்ச் சங்கங்களுக்கு நீட்டிப் பார்க்க ஆசை எழலாம். அதற்கு இது இடமன்று.

இங்கே ஓர் அடிப்படை வினா எழுகிறது. சார்பு என்பது எது? எழுதப்பட்ட வாய்பாடா, அன்றி அவ்வாய்பாடு எங்கெங்கே செல்லும் என்னும் எல்லையும் சேர்ந்ததா? 1748இல் ஆய்லர், மாறியையும் மாறிலிகளையும் கொண்டு அமைந்த கோவையே சார்பு என்று கொண்டார். அக்கண்ணோட்டத்தில் நின்றால் முதல் மாணவன் பக்கம் ஓரளவு நியாயம் தோன்றும். 1837இல் டிரிஷ்லே, ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு திட்டமான மதிப்பு உரியதாதலே போதும், ஒரே வாய்பாடு வேண்டும் என்பதில்லை என்று விளக்கினார். அதன் வழிவந்த இன்றைய கருத்துப்படி, வாய்பாடு ஒன்றாயிருப்பினும் சார்பகம் வேறாயின் சார்பும் வேறு. படிவம் நான்கின் கூடுதல் கணிதத்தில், சார்பை எழுதியவுடன் காற்புள்ளியிட்டு, இன்ன எண் ஆகாது என்று குறிப்பதை மாணவர் கண்டிருப்பர். பலருக்கு அது கண்ணில் படாத வால். படிவங்களின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் விதிகளைப் படியாமல் கையெழுத்திடும் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறதோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

தமிழ் படித்த மாணவனுக்கு இக்கருத்து அந்நியமாக இருத்தல் வேண்டியதில்லை. பால்குடம் என்ற சொல்லை இலக்கண வகுப்பில் எப்படி விரிக்கிறான்? பாலை உடைய குடம் என்று விரித்து, உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்கிறான். 'ஐ' என்னும் உருபு கண்ணுக்குத் தெரியவில்லை. 'உடைய' என்பதும் தெரியவில்லை. தெரியாததனால் இல்லை என்று அவன் சொல்வதில்லை. தொக்கி நிற்கிறது என்கிறான். மரவேர் என்பதில் மகர மெய் கெட்டுவிட்டது. பிரித்து எழுதும்போது அதனை மீட்டு, மரம் என்றே எழுதுகிறான். சொல் சுருங்கினாலும் பொருள் சுருங்காது என்பதை ஒரு பாடவேளையில் ஏற்ற அதே மாணவன், மணி அடித்து அடுத்த பாடவேளை தொடங்கியதும், அடிபட்ட (ம − 2) அடியோடு போயிற்று என்கிறான். அங்கேயும் ஒரு தடை தொக்கி நிற்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

கணித வகுப்பைவிட்டு வெளியே வந்தால், தொக்கி நிற்கும் நிபந்தனைகளை மறப்பதால் நேரும் கேடு இன்னும் வெளிப்படை. திருக்குறளின் 30ஆம் அதிகாரமாகிய வாய்மையில், பொய்ம்மைக்கும் வாய்மையின் இடத்தைத் தரும் குறள் ஒன்று உண்டு. மேடையிலும் வீட்டிலும் அதன் முற்பாதி வழங்கும் அளவுக்குப் பிற்பாதி வழங்குவதில்லை. பிற்பாதியில் வள்ளுவர் வைத்தது ஒரு நிபந்தனை: குற்றம் நீங்கிய நன்மையைத் தருமாயின். 'நன்மை' என்பதோடு நில்லாமல், அந்நன்மைக்கும் ஒரு வேலி கட்டினார். வேலியைப் பிடுங்கிவிட்டு நிலத்தை மட்டும் எடுத்துக்கொள்வோர், வசதிக்காகச் சொல்லும் எந்தப் பொய்யையும் அக்குறளின் நிழலில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். வாய்பாடு அதேதான், சார்பகந்தான் திருடு போயிற்று.

நற்சான்றிதழ்களும் இவ்வாறே. 'இம்மாணவன் ஒழுங்குடையவன்' என்று தலைமையாசிரியர் எழுதும் ஒரு வரிக்குள், 'பள்ளியில், இவ்வாசிரியர்கள் கண்ட அளவில், இவ்வாண்டுகளில்' என்னும் எல்லைகள் மறைந்து நிற்கின்றன. பத்தாண்டுகள் கழித்து வேறோர் ஊரில் அத்தாளை நீட்டும்போது, எல்லைகள் உதிர்ந்து வரி மட்டும் பேசுகிறது. 'பிடிவாதக்காரன்' என்று ஒருமுறை குறித்துவைத்த பழிச்சொல்லும் அப்படியே. அந்தப் பையன் அந்த ஆண்டில், தாயை இழந்திருந்த அந்த மாதங்களில் அப்படி இருந்தான் என்பதை அடுத்த வகுப்பாசிரியர் அறியார். சுருக்கி எழுதியவர் பொய் எழுதவில்லை. ஆயினும் அவர் எழுதியது, சென்ற இடத்தில் பொய்யாயிற்று. சுருக்குதலின் பொறுப்பு சுருக்கியவரையே சாரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றையும் கேட்க வேண்டும். மாறி 2ஐ எவ்வளவு நெருங்கினாலும், அச்சார்பின் மதிப்பு 4ஐ அவ்வளவு நெருங்குகிறது. அந்த ஒரு துளையில் 4ஐ வைத்து அடைத்துவிட்டால் கோடு முறியாமல் ஓடும். கணித அறிஞர்களே அவ்வாறு அடைப்பதுண்டு. அவர்கள் செய்யலாம், மாணவன் செய்யலாகாதா?

செய்யலாம். ஆனால் அடைப்பது வேறு, துளை இருந்ததையே அறியாதிருப்பது வேறு. அறிஞர், 'இங்கே மதிப்பில்லை. இன்ன காரணத்தால் 4 என்று கொள்கிறேன்' என்று அறிவித்துவிட்டு அடைக்கிறார். அதனால் பிறப்பது புதிய சார்பு என்பதையும் ஒப்புக்கொள்கிறார். கடனைத் தள்ளுபடி செய்வதற்கும் கடன் வாங்கியதை மறப்பதற்கும் உள்ள வேறுபாடே இது. இரண்டிலும் கணக்கேட்டில் எஞ்சுவது பூச்சியந்தான். மேலும், எல்லாத் துளைகளும் அடைபடக்கூடியவை அல்ல. வர்க்கமூலத்தால் இழந்த பாதியுலகை, எந்த நெருக்கத்தாலும் மெய்யெண்களுக்குள் மீட்க முடியாது. எது அடைபடும், எது அடைபடாது என்று பகுத்தறிய வேண்டுமானால், துளை இருந்த இடம் நினைவில் இருந்தாக வேண்டும்.

மீண்டும் அந்த மேசைக்கே வரலாம். இரண்டாம் மாணவிக்கு முழு மதிப்பெண் என்பதில் ஐயமில்லை. முதல் மாணவனுக்கு அரை மதிப்பெண் குறையும். குறைப்பதற்குமுன் ஆசிரியர் தம்மையும் ஒருமுறை கேட்டுக்கொள்வது முறை. 'மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் வெட்டு' என்று கரும்பலகையின்முன் நின்று அவர்தாமே சொன்னார்? வெட்டுதல் என்பது கணிதச் செயலே அன்று. நிகழ்வது, தொகுதியையும் பகுதியையும் ஒரே எண்ணால் வகுத்தல். அவ்வெண் பூச்சியமாக இல்லாதவரைதான் அதற்கு உரிமை. அவ்வாறு சொல்லியிருந்தால், எதனால் வகுக்கிறோம் என்று கேட்கும் கண் மாணவனுக்கு ஒருகால் வாய்த்திருக்கும். 'வெட்டு' என்ற சொல் நேரத்தை மிச்சப்படுத்தியது. நிபந்தனையையும் சேர்த்தே வெட்டிவிட்டது. பிழை மாணவனுடையதே ஆயினும், அதன் முதலீடு எங்கிருந்து வந்தது என்பது வெளிப்படை.

தாளைத் திருப்பித் தந்தபோது மாணவன் கேட்கிறான்: "ஐயா, விடை சரியாகத்தானே இருக்கிறது?"

ஆசிரியர் விளக்கம் எதுவும் சொல்லாமல், அவன் எழுதிய முதல் வரியைச் சுட்டிக்காட்டி, "இதில் 2ஐப் போட்டுப் பார், தம்பி" என்கிறார். அவன் மேலே பூச்சியம் எழுதுகிறான், கோடு இழுக்கிறான், கீழே பூச்சியம் எழுதுகிறான். பிறகு, சமக்குறியைப் போட்டுவிட்டு, அதற்கு வலப்புறம் என்ன எழுதுவதென்று தெரியாமல் பென்சிலைப் பிடித்தபடியே நிற்கிறான்.